சொல்லாமல் விட்ட வரி

முஸ்தாயார்வி ஏரியில் இறங்குமுன்
ஒரு கூழாங்கல்லை எறிந்துவிட்டு
இதைச் சொல்ல வேண்டும்:
'நெக்கி கரைக்கு, நான் தண்ணிக்கு.'
மேலே வந்ததும்
அதே சொற்களைத் திருப்பிப் போட்டு
இன்னொரு தடவை.
அவ்வளவுதான் சட்டம்.
பின்லாந்தில் அந்தப் பக்கத்துப் பிள்ளைகள்
நீச்சலுக்கு முன்னால் இதைத்தான் கற்றோம்.

படகுத்துறைக்கு அடியில் இருப்பதற்கு
என்ன உருவம்?
குதிரை என்றாள் பக்கத்து வீட்டு ஸைமி.
ஊறிப்போன மரக்கட்டை என்றான் தம்பி இல்மோ.
எனக்கு அது நீளமான ஒரு முடிக்கற்றை,
மறுமுனையில் தலை இல்லாதது.

பயமுறுத்திப் பிழைப்பவள் நான்.
பதினோரு நாவல்கள்.
தாம்பெரேயில் மூன்றாம் மாடியில் ஒரு வீடு,
குளியல் தொட்டி இல்லாததாகப் பார்த்து வாங்கியது.
"உங்கள் ஊர் ஏரியை
ஏன் இன்னும் தொடவே இல்லை?"
கேட்டாள் பதிப்பாசிரியை கிர்ஸி.

தொட்டேன்.

எழுதியது இது:
இரவு பதினொன்றுக்கும் வெளிச்சம் போகாத ஜூலை.
சவுனாவில் வெந்த உடம்போடு
மூவரும் ஓடிக் குதித்தோம்.
கல் எறிந்தோம், முதல் வரி சொன்னோம்.
ஏறும்போது இரண்டாம் வரிக்கு
இல்மோ வாயைத் திறந்தான்.
விளையாட்டுக்குப் பொத்தினேன்.
உள்ளங்கையில் அவன் பற்கள், எச்சில், முனகல்.
அதற்குள் சாப்பிடக் கூப்பிட்டார்கள்.

அன்று முதல் என் கதையில்
தம்பி தம்பியாக இல்லை.
எவ்வளவு துவட்டியும் தலை காயாது.
கழற்றிப் போட்ட கம்பளிக் காலுறையைப் பிழிந்தால்
ஒரு கிண்ணம் கறுப்புத் தண்ணீர்.
பூனை மடியில் ஏறாது.
அம்மாவுக்கு மட்டும் புரிகிறது.
புரிந்தும்
தினமும் காலையில் அதற்கு
ஓட்ஸ் கஞ்சி ஊற்றி
நடுவில் வெண்ணெய் வைக்கிறாள்.

நிஜ இல்மோ
பனி ஒதுக்கும் வண்டி ஓட்டுகிறான்.
இரண்டு மகள்கள், முழு வழுக்கை.
காயாத தலையைப் படித்துச் சிரிப்பான் என்றுதான்
கைப்பிரதியை அனுப்பினேன்.

மறுநாள் விடியுமுன் தொலைபேசி.
"பயமாத்தான் இருக்கு அக்கா.
ஒரு இடம் மட்டும் தப்பு.
நீ பொத்தினே, சரி.
உன் கைக்குள்ளேயே நான் சொல்லிட்டேன்.
ஸைமி சொன்னதும் காதில் விழுந்தது.
நீதான் சொல்லலை."
வண்டியின் இன்ஜின் அவன் பின்னால் உறுமிக்கொண்டிருந்தது.
"அப்புறம், அந்தக் கை.
அவ்வளவு சில்லுனு ஒண்ணு
அதுக்கப்புறம் என்மேல பட்டதே இல்லை.
அம்மாகிட்ட அன்னிக்கே சொன்னேன்.
தெரியும், பேசாம சாப்பிடுன்னாங்க."
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
"நீ எங்களோட நல்லாத்தான் இருந்தே.
அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்."

யாருடைய காலுறை அது?
பூனை யாரைக் கண்டு
அடுப்புக்குப் பின்னால் ஒண்டியது?

பட்டம் வாங்கியபோதும்
முதல் புத்தகம் வந்தபோதும்
ஊரில் சொன்னார்கள்:
பெண் எப்படியோ கரையேறிவிட்டாள்.

ஏரி உறைந்து
மேலே வண்டிகள் ஓடும் மாதங்களில்
அடியில் ஒருத்தி,
ஒன்பது வயது,
பாதி மந்திரத்தை வாயில் வைத்துக்கொண்டு
பனிக்கட்டியை விரல் கணுவால் தட்டுகிறாள்.
நாற்பத்தொரு குளிர்காலம்.
அவளுக்கு என் பெயர்தான்.
அல்லது எனக்கு அவளுடையது.

கிர்ஸி எழுதியிருக்கிறாள்:
'பக்கம் 112.
இரண்டாம் வரி விடுபட்டிருக்கிறது.
அச்சுக்குப் போகுமுன் சேர்க்கவும்.'

விடுபடவில்லை, கிர்ஸி.
அந்த இடம் வெள்ளையாகவே இருக்கட்டும்.
வாசிக்கும் எவரும்
வாய்விட்டு அதை முடித்துவிடக் கூடாது.
எனக்குக் கரை பழகிவிட்டது.